துப்பாக்கியை யாரிடம் விட்டுப் போவது?

ஐ.நா. பணிக்கு வெளிநாடு கிளம்பும் ராணுவத்தினர் சொந்த ரிவால்வரை வீட்டுப் பீரோவில் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தால், சட்டத்தின் முன் சிக்குவது இருவரும்தான். சட்டம் காட்டும் வழிகள் மூன்று. மூன்றிலும் ஆளைக் காப்பாற்றுவது ஒரு துண்டு ரசீது.

ஐ.நா. அமைதிப்படைக்குத் தேர்வான ராணுவ அதிகாரிக்குக் கிளம்பும் முன் தலைக்கு மேல் வேலை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, பிள்ளைகளின் பள்ளி, குவார்ட்டர்ஸைக் காலி செய்வதா வைத்துக்கொள்வதா என்ற குழப்பம், வங்கிக் கணக்கில் மனைவியின் பெயரைச் சேர்ப்பது என்று பட்டியல் நீளும். அதன் கடைசியில், சில சமயம் பட்டியலிலேயே இடம் பெறாமல், பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றிக் கிடக்கும் ஒரு பொருள்: அவருடைய சொந்த ரிவால்வர்.

ராணுவம் கொடுக்கும் துப்பாக்கி வேறு, இது வேறு. பணியின்போது அவர் ஏந்தும் ஆயுதத்துக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. அரசு ஊழியர் கடமையின்போது வைத்திருக்கும் ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் சொந்தக் காசில் வாங்கிய .32 ரிவால்வரோ, தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியோ அந்த விலக்கில் வராது. அதைப் பொறுத்தவரை கர்னலும், காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய விவசாயியும் ஒன்றுதான். சீருடையிலேயே காலத்தைக் கழித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று உறைப்பதில்லை.

சொந்தத் துப்பாக்கியைக் கூடவே கொண்டுபோகவும் முடியாது. அமைதிப்படைக்குச் செல்லும் பட்டாலியன் அரசு கொடுத்த ஆயுதங்களோடுதான் போகிறது. ஐ.நா.வின் ராணுவப் பார்வையாளராகச் செல்லும் அதிகாரிக்கோ அதுவும் கிடையாது. நிராயுதபாணியாக இருப்பதுதான் அந்தப் பணியின் இலக்கணம். இருபது ஆண்டுகள் துப்பாக்கியோடு வாழ்ந்தவர் வெறுங்கையோடு தென் சூடானில் ரோந்து போவார். அவருடைய ரிவால்வர் மட்டும் இந்தியாவில் யாரிடமோ இருக்கும்.

யாரிடம் என்பதுதான் கேள்வி.

இது நாலைந்து பேரின் பிரச்சினை அல்ல. 1950களில் கொரியாவில் தொடங்கி இன்றுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட ஐ.நா. பணிகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பங்கேற்றிருக்கிறார்கள். காங்கோ, லெபனான், கோலன் குன்றுகள், தென் சூடான் என்று பட்டியல் நீண்டது. தூதரகங்களில் ராணுவப் பிரதிநிதியாகச் செல்பவர்கள், பூடானில் பயிற்சி அளிக்கும் குழுவினர், வெளிநாட்டு ராணுவக் கல்லூரிகளில் படிக்கப் போகிறவர்கள் எல்லாம் தனிக் கணக்கு. ஒருவர் கிளம்பினால் திரும்ப ஓர் ஆண்டாவது ஆகும். சில பணிகளில் இரண்டு, மூன்று ஆண்டுகளும் ஆகலாம்.

வீட்டில் விட்டுப் போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. இரும்பு பீரோ, நல்ல பூட்டு, சாவி மனைவியிடம். இதில் என்ன தவறு?

தவறு சட்டத்தின் ஒரு சொல்லில் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை யாரும் வாங்கவோ, வசம் வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது என்கிறது. இதைத் தமிழில் ‘உடைமை’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் விஷயமே தலைகீழாகிவிடும். ரிவால்வர் கணவரின் உடைமை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அது அவர் பணத்தில் வாங்கியது. ஆனால் அவர் ஜூபாவில் இருக்கும்போது அது யார் வசம் இருக்கிறது என்பதுதான் சட்டத்தின் கேள்வி. பூட்டிய பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறதோ, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியுமோ, அவரிடம்தான் போலீஸ் முதலில் வந்து நிற்கும். லைசென்ஸோ கணவர் பெயரில் இருக்கிறது.

கணவரும் தப்ப முடியாது. துப்பாக்கி இன்னொருவர் கையில் இருந்தாலும், அதன் மீதான கட்டுப்பாடும் அதிகாரமும் ஒருவரிடம் நீடிக்குமானால் அது அவர் வசம் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தெரிந்து வைத்திருப்பது முதல் அம்சம். கையில் இல்லாதபோதும் கட்டுப்பாடு இருப்பது இரண்டாவது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருப்பது நல்ல சாக்கு அல்ல.

தண்டனையும் இப்போது லேசானதில்லை. 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகமாக இருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதை வைத்து வாடகை வசூலிக்கலாம், நிலம் விற்கலாம். துப்பாக்கி வைத்திருக்க அது லைசென்ஸ் ஆகாது.

இந்த இடத்தில் சட்டம் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. லைசென்ஸ்தாரர் கூடவே இருந்தாலோ, எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருந்தாலோ, லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனால் அது பழுது பார்க்கவோ, லைசென்ஸைப் புதுப்பிக்கவோ, லைசென்ஸ்தாரரே பயன்படுத்தவோ மட்டும்தான். மாதக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்ள அந்த ஜன்னல் வழியாக நுழைய முடியாது. ஆனாலும் கிளம்பும் முன் அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியின் எண்ணையும் லைசென்ஸ் எண்ணையும் அதில் குறித்து வீட்டில் வைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். புதுப்பிக்கும் நேரத்தில் கைகொடுக்கும்.

துப்பாக்கி எந்த ரகம் என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இந்தியச் சட்டத்தில் ‘தடை செய்யப்பட்ட போர்’, ‘தடை செய்யப்படாத போர்’ என்று இரண்டு பிரிவு. தமிழில் படிக்கும்போது ஏதோ யுத்தத்துக்கே தடை போட்டதுபோல் ஒலிக்கிறது. இங்கே போர் என்பது குழலின் உள்விட்டம். .32 ரிவால்வர், .315 ரைபிள், 12 போர் துப்பாக்கி போன்றவை பொதுமக்களுக்குக் கிடைப்பவை. இவற்றுக்கு மாவட்ட ஆட்சியரோ, நகரங்களில் போலீஸ் கமிஷனரோ லைசென்ஸ் தருவார்கள். 9 எம்.எம். பிஸ்டல், .303 ரைபிள் போன்றவை தடை செய்யப்பட்ட பிரிவு. அவற்றுக்கான லைசென்ஸ் தில்லியில் உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவது பிரிவைச் சேர்ந்த துப்பாக்கி வைத்திருப்பவர் ஒவ்வொரு அடியையும் இரட்டிப்பு எச்சரிக்கையோடு வைக்க வேண்டும்.

இனி சட்டம் காட்டும் மூன்று வழிகள். 21ஆம் பிரிவு அவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது: அருகிலுள்ள காவல் நிலையம், லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரி, படையினராக இருந்தால் யூனிட்டின் ஆயுதக் கிடங்கு. துப்பாக்கி ஒருவர் வசம் இருப்பது சட்டப்படி செல்லாமல் போகும்போது அதை எங்கே ஒப்படைப்பது என்பதற்காக எழுதப்பட்ட பிரிவு இது. லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே பத்திரத்துக்காக ஒப்படைக்கவும் விதிகளில் இடமுண்டு. இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகும்.

மூன்றிலும் படையினருக்கு இயல்பானது யூனிட் கிடங்கு. ‘கோத்’ என்று சிப்பாய்கள் சொல்லும் அந்த அறைக்கு இரவும் பகலும் காவல் உண்டு. கணக்குப் பதிவேடு உண்டு. துப்பாக்கிக்கு எண்ணெய் போடத் தெரிந்த கைகளும் உண்டு. கடற்படையினருக்குக் கப்பலில் இருக்கும் கிடங்கும், கரையில் இருக்கும் தளத்துக் கிடங்கும் இதே கணக்கில் சேரும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. அதிகாரிகள் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. யூனிட் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் லெபனானில் இருக்கும்போது பட்டாலியன் பதான்கோட்டிலிருந்து அஸ்ஸாமுக்கு மாறலாம். பட்டாலியனே ஐ.நா. பணிக்குக் கிளம்பினால் பின்தங்கும் சிறு குழுவிடம்தான் கிடங்கு இருக்கும். தனி ஆளாக வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவர் யூனிட்டின் பட்டியலிலிருந்தே நீங்கிவிடக்கூடும். அப்படியானால், நகராத இடமாகப் பார்த்து ஒப்படைப்பது மேல். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன் இருப்பதுபோல ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஒரு மையம் உண்டு. எங்கே வைப்பதானாலும் கமாண்டிங் ஆபீசரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘சரி, வைத்துவிட்டுப் போ’ என்ற மேஜர் அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவார்.

அடுத்தது காவல் நிலையம். செலவு குறைவு, சட்டப்படி உறுதியானது. ஆனால் மற்ற பொருட்களோடு மூலையில் கிடக்கும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட ஆளிருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீண்ட நாள் கிடந்தால் மாவட்டத் தலைமையிடத்துக் கிடங்குக்கு மாற்றிவிடலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், குழலுக்குள் துரு பூத்துவிடும். தோல் உறையில் போட்டே கொடுத்துவிடுவது பலர் செய்வது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உலோகத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. உறையைத் தனியே வைத்து, துப்பாக்கிக்குத் தடிமனாக எண்ணெய் பூசிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, துப்பாக்கிக் கடை. மாதக் கட்டணம் வாங்குவார்கள், பராமரிப்பும் நன்றாக இருக்கும். கடைக்காரரின் லைசென்ஸ் பிறர் துப்பாக்கிகளைப் பாதுகாப்புக்காக வாங்கி வைக்க அனுமதிக்கிறதா, எந்த ரகத்துக்கு அனுமதிக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். லைசென்ஸைக் காட்டச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. நம்முடையதை அவர் முதலில் கேட்பார்.

எங்கே ஒப்படைத்தாலும் ரசீதுதான் உயிர். துப்பாக்கியின் தயாரிப்பு, எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, ஒப்படைத்த நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். துப்பாக்கியை மட்டும் கொடுத்துவிட்டுத் தோட்டாக்களைப் பீரோவிலேயே மறந்துவிடுவது நடக்கக்கூடியது. சட்டத்தின் பார்வையில் தோட்டாவும் துப்பாக்கியும் சரிசமம். காவல் நிலையத்திலும் யூனிட் கிடங்கிலும் ஒவ்வொரு பொருளோடும் விவரச் சீட்டு கட்டி, பதிவேட்டில் ஏற்றி, அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுவது நல்லது. அசல் ரசீது வீட்டில், ஒரு நகல் கைப்பெட்டியில்.

துப்பாக்கியே வேண்டாம், விற்றுவிடலாம் என்று தோன்றினால் கடைசி வாரத்தில் தோன்றிப் பயனில்லை. தகுதியுள்ள தனிநபருக்கு விற்க மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாட்களாவது காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. லைசென்ஸ் காலாவதியாகும் தேதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. ஐந்து ஆண்டு என்பது மறந்துபோக வசதியான காலம். முடிவதற்கு 60 நாட்கள் முன்பாவது புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அவர் காங்கோவில் இருக்கும்போது அந்தத் தேதி கடந்தால், இதுவரை பத்திரத்துக்காக வைத்திருந்த துப்பாக்கி அன்றிலிருந்து லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 21ஆம் பிரிவின் மற்ற வரிகள் அப்போது விழித்துக்கொள்ளும். குறித்த காலத்துக்குள் அவர் லைசென்ஸோடு வந்து திரும்பப் பெறாவிட்டாலோ, தகுதியுள்ள ஒருவருக்கு விற்காவிட்டாலோ, மாவட்ட மாஜிஸ்திரேட் அதை அரசுடைமையாக்கலாம். அதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, காரணம் சொல்ல 30 நாட்கள் தரவேண்டும்.

நோட்டீஸ் எங்கே போகும்? லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் பெரும்பாலும் போகும். அது அவர் காலி செய்துவிட்டுப் போன குவார்ட்டர்ஸாக இருந்தால் 30 நாட்கள் கதவிடுக்கிலேயே கழிந்துவிடும். தாத்தாவின் துப்பாக்கி ஓசையில்லாமல் சர்க்கார் சொத்தாகிவிடும். ஆகவே கிளம்பும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் பூட்டு அல்ல, லைசென்ஸின் கடைசிப் பக்கம். பணிக்காலத்துக்குள் தேதி விழுமானால் முன்கூட்டியே அலுவலகத்துக்குப் போய்ப் பேசி முடித்துவிட வேண்டும். முகவரியையும் மாற்றிவிட வேண்டும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற பழைய வரம்பு 2019 டிசம்பரில் இரண்டாகக் குறைக்கப்பட்டது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. படைக் குடும்பங்களில் பரம்பரைத் துப்பாக்கிகள் சேர்ந்துவிடுவது வழக்கம். அந்தக் கணக்கைத் தீர்க்காமலேயே வைத்திருப்பவர், துப்பாக்கியைக் கிடங்குக்குக் கொண்டுபோகும் அன்று மாட்டிக்கொள்வார்.

போதாக்குறைக்குத் தேர்தல் வரும். இந்தியாவில் எங்காவது எப்போதும் தேர்தல்தான். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவது பல மாநிலங்களில் பழக்கம். எல்லோரையும் மொத்தமாகக் கட்டாயப்படுத்த முடியாது, ஒவ்வொருவர் விஷயத்தையும் பரிசீலனைக் குழு தனித்தனியாகப் பார்த்துக் காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும் என்று 2024இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் வாசலில் கான்ஸ்டபிள் நிற்கும்போது வீட்டில் இருக்கும் அம்மாவால் தீர்ப்பைப் படித்துக் காட்ட முடியாது. துப்பாக்கி பீரோவில் இருந்தால் அதை யார் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவது என்பதே சட்டச் சிக்கல். கிடங்கில் இருந்தால் ரசீதின் நகலைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

குடகுக்காரர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. படையில் சேருவதும் அங்கே பரம்பரை வழக்கம் என்பதால், மகன் வெளிநாட்டில் இருந்தாலும் வீட்டுத் துப்பாக்கி பூஜைக்கு வந்துவிடும். நாட்டின் மற்ற பகுதிகளில் இருப்பவர்கள் பொறாமைப்படலாம், பின்பற்ற முடியாது.

ராணுவத்தினரின் சொந்தத் துப்பாக்கி விஷயத்தில் அதிகாரிகள் ஏன் இவ்வளவு கெடுபிடி காட்டுகிறார்கள் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ராணுவம் தன் அதிகாரிகளுக்குச் சலுகையில் கொடுத்த துப்பாக்கிகள் சில ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் வியாபாரிகள் கைக்குப் போன விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அடுத்து ஜம்மு-காஷ்மீர். 2012 முதல் 2016 வரை அங்கே வழங்கப்பட்ட சுமார் 2.78 லட்சம் லைசென்ஸ்கள் பற்றி சி.பி.ஐ. விசாரணை நடத்தியது. 2017இல் ராஜஸ்தான் போலீஸ் பிடித்த நூலின் நுனி அது. வெளிமாநிலத்தவர்கள் பலரை அங்கே பணிபுரியும் படையினர் என்று போலிக் காகிதங்களில் காட்டி லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். சீருடையின் பெயரில் ஊர்பேர் தெரியாதவர்கள் செய்த மோசடிக்கு, உண்மையான சிப்பாய் இன்று லைசென்ஸ் அலுவலகத்தில் இரண்டு முறை கூடுதலாக நடக்கிறார். அதில் நியாயமில்லை, ஆனாலும் நடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

யாரும் பேச விரும்பாத ஒன்றும் இருக்கிறது. ஐ.நா. பணிகளில் இதுவரை சுமார் 180 இந்தியர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஒப்படைத்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி என்ன ஆகும் என்பதையும் 21ஆம் பிரிவு சொல்கிறது. சட்டபூர்வ வாரிசுக்கு, அவர் தகுதி பெற்றால் அதைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. வேண்டாமென்றால் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். துக்க வீட்டில் ரசீது கிடைத்தால் இது எளிது. கிடைக்காவிட்டால் எந்த ஊர்க் கிடங்கு, எந்தக் கடை என்று தேடுவதிலேயே காலம் போய்விடும். வங்கிக் கணக்கு விவரத்தோடு இதையும் மனைவியிடமோ தந்தையிடமோ சொல்லிவிட்டுப் போகலாம். சாவியைத்தான் கொடுக்கக் கூடாதே தவிர, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்ற தகவலைக் கொடுப்பதில் தடையில்லை.

திரும்பி வருகிறவர் நேரே கிடங்குக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. லைசென்ஸ் அன்றைக்கு நடப்பில் இருக்க வேண்டும். ரசீதிலுள்ள எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் ஒப்பிட வேண்டும், தோட்டாக்களை எண்ண வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணெய் காய்ந்து பிசுக்காகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத் துடைக்க வேண்டும்.